பி.சி.ஏ. படித்தவருக்கு ‘பி.இ. மட்டும்’ என்று கதவை மூடினால்: எம்.சி.ஏ.வா, வேலையோடு படிப்பா, சின்ன கம்பெனியா?

“பி.இ., பி.டெக். மட்டும். பத்து, பன்னிரண்டு, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம். அரியர் இருக்கக் கூடாது. இந்த ஆண்டு பேட்ச் மட்டும்.” ஐ.டி. வேலை தேடும் பிள்ளைகளுக்கு இந்த நான்கு வரியும் மனப்பாடம். பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவர்கள் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார்கள். அவர்களிடமிருந்து எனக்குத் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது: “அண்ணா, எம்.சி.ஏ. சேர்ந்துடட்டுமா? இல்ல, கிடைக்கிற வேலைக்குப் போயிடட்டுமா?”

ஒரே வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. தவறாக முடிவெடுத்தால் இரண்டு வருடமும் சில லட்சங்களும் போகும். அதனால் ஒவ்வொரு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

## முதலில், இப்படிக் கேட்பது நியாயமா?

நியாயமில்லை. பெரிய சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேருபவருக்குக் கொடுக்கும் வேலை என்ன? சில மாதப் பயிற்சி, அப்புறம் டெஸ்டிங், சப்போர்ட், ஏற்கெனவே இருக்கும் கோடில் சின்னச் சின்னத் திருத்தம். ஜாவா, டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று மூன்று வருடம் படித்த பி.சி.ஏ. மாணவிக்கு இந்த வேலைக்கு விண்ணப்பிக்கத் தகுதியில்லை. மெக்கானிக்கலோ சிவிலோ படித்தவருக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் ‘எந்தப் பிரிவாக இருந்தாலும் பி.இ.’ என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் அதே பயிற்சியைத்தான் முதலிலிருந்து கொடுக்கப் போகிறார்கள். படிப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்து வைத்த விதியாக இருந்தால் இப்படி இருக்காது.

பின்னே ஏன்? முதல் காரணம், கூட்டம். விண்ணப்பங்கள் மலைபோல் வருகின்றன, எப்படியாவது குறைக்க வேண்டும். இரண்டாவது, விசா. அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்கு அந்த நாட்டு நான்காண்டுப் பட்டத்துக்குச் சமமான தகுதி வேண்டும். நம் மூன்றாண்டுப் பட்டம் தனியாக அதற்குப் போதாது. குறையும் ஒரு கல்வி ஆண்டுக்கு மூன்று ஆண்டு வேலை அனுபவத்தைக் காட்டி ஈடுகட்டலாம், ஆனால் புதிதாகச் சேருபவரிடம் அனுபவம் ஏது? பின்னால் ஆளை வெளிநாடு அனுப்ப நினைக்கும் கம்பெனி பி.இ., எம்.சி.ஏ. என்று கேட்க இது ஒரு காரணம். மூன்றாவது, சம்பளம். 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் ஆண்டுக்கு 2.52 லட்சம் சம்பளத்துக்கு ஆள் எடுப்பதாகச் செய்தி வந்து பெரிய சலசலப்பானது. அது மூன்றாண்டுப் பட்டதாரிகளுக்கான தொகை, பொறியியல் பட்டதாரிகளுக்கு 4 லட்சம் முதல் 12 லட்சம் வரை என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. மாதக் கணக்கில் ஒருவருக்கு 21,000, இன்னொருவருக்குக் குறைந்தபட்சமே 33,000 ரூபாய்க்கு மேல். பட்டத்தின் பெயருக்கு இப்படி விலை வைத்திருக்கிறார்கள்.

“இனி பட்டம் முக்கியமில்லை, திறமைதான்” என்று வரும் அறிவிப்புகளை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவில் ஐ.பி.எம். போன்ற பெரிய நிறுவனங்களே பல வேலைகளுக்குப் பட்ட நிபந்தனையை எடுத்துவிட்டதாக அறிவித்தன. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலும் பர்னிங் கிளாஸ் இன்ஸ்டிடியூட்டும் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த மாற்றத்தால் உண்மையிலேயே பலன் கிடைத்தது 700 பணி நியமனங்களில் ஒன்றுக்குக்கூட இல்லை என்று கணக்குக் காட்டியது. விளம்பரத்தில் வரி போய்விட்டது, ஆள் எடுப்பவர்களின் பழக்கம் போகவில்லை.

## உங்களைத் தடுப்பது எந்த வடிகட்டி?

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைக் கண்டுபிடியுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆள் எடுக்கும் பக்கத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். எச்.ஆர். கையில் ஓர் எக்செல் ஷீட். ஆயிரத்துச் சொச்சம் வரிசை. ‘டிகிரி’ என்ற நெடுவரிசையில் ஃபில்டரைத் திறந்து பி.இ., பி.டெக்., எம்.சி.ஏ. மூன்றுக்கு மட்டும் டிக். அடுத்து பத்தாம் வகுப்பு 60-க்கு மேல். அடுத்து பன்னிரண்டாம் வகுப்பு. அடுத்து தேர்ச்சி ஆண்டு. ஐந்து நிமிட வேலை. ஆயிரம் போய் நூறு ஆகிவிடும். பிள்ளைகள் எழுதிய கோடைக் காட்டும் கிட்ஹப் லிங்க் இருந்த நெடுவரிசையைக் கடைசிவரை யாரும் பார்க்கவே இல்லை.

பட்டத்தின் பெயர், ‘எல்லாவற்றிலும் 60’, தேர்ச்சி ஆண்டு, முழுநேரப் படிப்பு என்று அங்கே நான்கு தனித்தனி வடிகட்டிகள் இருக்கின்றன. எம்.சி.ஏ. முதல் வடிகட்டியைத் திறக்கும். தேர்ச்சி ஆண்டையும் புதுப்பித்துக் கொடுக்கும். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் 57 சதவீதம் எடுத்தவர் எம்.சி.ஏ.வில் தங்கப் பதக்கமே வாங்கினாலும் அந்த 57 அப்படியேதான் இருக்கும். பதினேழு வயதில் எழுதிய ஒரு பரீட்சைக்காக ஒரு பிள்ளையை இருபத்து நான்கு வயதில் தள்ளி நிறுத்துவது கொடுமை. ஆனாலும் அது நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டுதான் பணம் கட்ட வேண்டும். இதை யாரும் சொல்லாததால் எம்.சி.ஏ. முடித்த பிறகும் அதே இடத்தில் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

கொரோனா காலப் பிள்ளைகளுக்குத் தனிச் சிக்கல். 2021-இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பில் எல்லோருக்கும் தேர்ச்சி கொடுத்தார்கள். மாநிலப் பாடத்திட்ட மாணவர்களின் சான்றிதழில் மதிப்பெண் இல்லை, தேர்ச்சி என்று மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் 2023-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, மூன்றாண்டுப் பட்டத்தோடு 2026-இல் வெளியே வருகிறார்கள். விண்ணப்பப் படிவத்திலோ பத்தாம் வகுப்பு சதவீதம் என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. அங்கே கைக்கு வந்த எண்ணைப் போட்டுவிடாதீர்கள். பின்னால் சான்றிதழ் சரிபார்ப்பில் அதுவே பொய்த் தகவல் ஆகிவிடும். கல்லூரி பிளேஸ்மென்ட் அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ என்ன போடுவது என்று எச்.ஆரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள் போதும். உங்களைத் தடுக்கும் வடிகட்டியை இந்த வழி திறக்குமா? கையிலிருந்து போகும் பணமும், இடையில் சம்பாதிக்காமல் விடும் பணமும் எவ்வளவு? தேர்ச்சி ஆண்டு என்ற கடிகாரம் என்ன ஆகும்? நடுவில் பிடிக்கவில்லை என்றால் வெளியே வர முடியுமா? ஐந்து வருடம் கழித்து இதற்கு மதிப்பிருக்குமா?

## வழி 1: முழுநேர எம்.சி.ஏ.

2020-21 முதல் எம்.சி.ஏ. இரண்டே ஆண்டுப் படிப்பு. முன்பு மூன்று. இந்த ஒரு மாற்றம்தான் இதைத் திரும்ப யோசிக்கவே வைக்கிறது. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வு எழுதி, கலந்தாய்வு வழியாகச் சேரலாம்.

பட்டத்தின் பெயர் என்ற வடிகட்டி முழுசாகத் திறக்கிறது. மூன்றும் இரண்டும் ஐந்து வருடம் ஆவதால் விசா கணக்கும் சரியாகிவிடும். நல்ல கல்லூரி என்றால் கேம்பஸ் இன்டர்வியூ இன்னொரு முறை கிடைக்கும். இந்தக் கடைசி விஷயம்தான் மிக முக்கியம்.

மறைந்திருக்கும் செலவைப் பாருங்கள். மாதம் 15,000 கிடைக்கும் வேலையை விட்டுவிட்டுப் போனால் இரண்டு வருடத்தில் சம்பளமாக மட்டும் 3.6 லட்சம் போகிறது. கல்லூரிக் கட்டணமும் விடுதியும் இதற்கு மேல். அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத் துறையிலோ இடம் கிடைத்தால் கட்டணம் தாங்கும். கேம்பஸுக்கு யாருமே வராத தனியார் கல்லூரியில் கடன் வாங்கிச் சேர்ந்தால், இரண்டு வருடம் கழித்து அதே இணையதளத்தில் அதே விண்ணப்பத்தைத்தான் போட வேண்டியிருக்கும்.

கல்லூரிக்குப் போய்ச் சேர்க்கை அலுவலகத்தில் விசாரிக்காதீர்கள். கேன்டீனில் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் உட்கார்ந்து, போன வருடம் எம்.சி.ஏ.வுக்கு என்று எந்தெந்த கம்பெனி வந்தது, எத்தனை பேரை எடுத்தார்கள் என்று கேளுங்கள். பொறியியல் கல்லூரியில் எம்.சி.ஏ. இருந்தால், பி.இ. மாணவர்களுக்கு வரும் கம்பெனிகள் இவர்களையும் உட்கார விடுகின்றனவா என்று தனியாகக் கேளுங்கள். பல இடங்களில் விடுவதில்லை.

பி.எஸ்சி. முடித்தவர்கள் நேரடியாகப் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. இன்னும் மூன்று வருடம் ஆகும். எம்.சி.ஏ. இரண்டு வருடத்தில் முடியும்போது இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## வழி 2: வேலையோடு படிக்க வைக்கும் கம்பெனித் திட்டம்

விப்ரோவின் ‘வொர்க் இன்டக்ரேட்டட் லேர்னிங் புரோகிராம்’ இதற்குப் பெயர்போனது. பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களை எடுத்து, வேலை கொடுத்துக்கொண்டே கம்பெனி செலவில் எம்.டெக். படிக்க வைக்கிறார்கள். அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் முதல் ஆண்டு உதவித்தொகை மாதம் 15,000 அளவில் தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு ஏறும். சேரும்போது 75,000 போனஸ் உண்டு, அதற்கு ஈடாக 60 மாத ஒப்பந்தம். இங்கேயும் பட்டப்படிப்பில் மதிப்பெண் வரம்பு உண்டு, அதனால் பட்டத்தில் சதவீதம் குறைந்தவருக்கு இது பயன்படாது.

படிப்புச் செலவு இல்லை, முதல் மாதத்திலிருந்தே வீட்டுக்குக் கொஞ்சமாவது பணம் போகும், முடிவில் பெரிய கம்பெனி அனுபவமும் முதுகலைப் பட்டமும் கையில். அப்பா கடனில் இருக்கிறார், தங்கை படிக்க வேண்டும் என்ற நிலையில் இருக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி அதிகம் இல்லை.

விலை என்ன? ஐந்து வருடம். பக்கத்து நாற்காலியில் அதே வேலை செய்யும் பி.இ. பட்டதாரியைவிடக் குறைந்த சம்பளத்தில், வார இறுதியையும் படிப்புக்குக் கொடுத்துவிட்டு. இரண்டாவது, மூன்றாவது வருடத்தில் வெளியில் இரட்டிப்புச் சம்பளம் கிடைக்கும்போதுதான் ஒப்பந்தம் கையைக் கட்டும். நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், அந்த எம்.டெக். என்ன ஆகும் என்று கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

“பான்டெல்லாம் கோர்ட்டில் செல்லாது” என்று நண்பர்கள் சொல்வார்கள். அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடம் முடியாமல் விலகிய ஊழியரிடம் 2 லட்சம் ரூபாய் வாங்கும் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது பொதுத்துறை வங்கி தொடர்பான வழக்கு, எல்லா பான்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் சும்மா விடுவார்கள் என்று எண்ண இடமில்லை. இன்னொன்று: அசல் சான்றிதழ்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனி எதுவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும்.

## வழி 3: சின்ன கம்பெனியில் நேராக வேலை

பத்துப் பேர், முப்பது பேர் இருக்கும் கம்பெனிகள். சென்னையிலும் கோவையிலும் நிறைய. இங்கே எக்செல் ஃபில்டர் கிடையாது. ஓனரே இன்டர்வியூ எடுப்பார், லேப்டாப்பைக் கொடுத்து “இதைச் செஞ்சு காட்டுங்க” என்பார். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் இங்கே பேச்சிலேயே வராது. மேலே சொன்ன 57 சதவீதப் பிள்ளைக்கு நான் கைகாட்டுவது இந்த வழியைத்தான்.

இரண்டு, மூன்று வருட அனுபவம் சேர்ந்த பிறகு ஆட்டமே மாறும். அனுபவசாலிகளை எடுக்கும்போது பல நிறுவனங்கள் ‘ஏதாவது ஒரு பட்டம்’ என்ற அளவுக்கு இறங்கி வருகின்றன. தேர்ச்சி ஆண்டும் பொருட்டில்லை. சின்ன கம்பெனியில் எல்லா வேலையும் உங்கள் தலையில் விழும் என்பதால் கற்றுக்கொள்ளும் வேகமும் அதிகம்.

ஆனால் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: பி.எஃப். “கையில கூட ஆயிரம் தர்றேன், பி.எஃப். வேண்டாம்” என்று சொல்லும் ஓனர்கள் உண்டு. அந்த ஆயிரத்துக்கு ஆசைப்படாதீர்கள். அடுத்த கம்பெனியில் சேரும்போது பின்னணிச் சரிபார்ப்பில் உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணை வைத்து, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எங்கே வேலை பார்த்தீர்கள் என்று பார்ப்பது இப்போது வழக்கம். பி.எஃப். இல்லாத இரண்டு வருட உழைப்பை நிரூபிக்க நீங்கள் திண்டாட வேண்டியிருக்கும். இருபது பேருக்குக் கீழ் ஆள் இருக்கும் நிறுவனத்துக்குப் பி.எஃப். பொதுவாகக் கட்டாயமில்லை. அப்படிப்பட்ட இடம் என்றால் ஆஃபர் லெட்டர், மாதச் சம்பளச் சீட்டு, வங்கியில் வரவான சம்பளம் மூன்றும் தவறாமல் இருக்கட்டும்.

சம்பளம் தாமதமாகலாம், கம்பெனியே மூடலாம், கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் பழைய டெக்னாலஜியிலேயே கிடக்க நேரலாம். ஒரு வருடம் கழிந்தும் ஒரே மாதிரி வலைத்தளத்தைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

இதற்கு முன்படியாக ஒரு வருட அப்ரன்டிஸ் பயிற்சியும் உண்டு. மத்திய அரசின் நாட்ஸ் இணையதளத்தில் பதிவு செய்யலாம். பொறியியல் அல்லாத பட்டதாரிகளையும் சேர்க்கிறார்கள். 2019 விதித் திருத்தத்தின்படி பட்டதாரிகளுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 என்று இருந்தது. தொகை சிறிது, சான்றிதழ் அரசுடையது.

## வழி 4: வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலை அல்லது ஆன்லைன் பட்டம்

மூன்றாவது வழியோடு சேர்த்து எடுத்தால்தான் இது பலன் தரும். இதை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால் வேலையும் இல்லை, கேம்பஸும் இல்லை.

தொலைநிலை எம்.சி.ஏ.வை இக்னோ என்ற மத்திய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்துகிறது, அண்ணா பல்கலைக்கழகமும் நடத்துகிறது. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்குச் சமம் என்று 2022-இல் யு.ஜி.சி. தெளிவுபடுத்தியது. அரசு வேலைக்கும் மேற்படிப்புக்கும் அது உதவும். தனியார் கம்பெனியோ ‘முழுநேரப் படிப்பு மட்டும்’ என்று போட்டால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. புதியவர்களை எடுக்கும் பெரிய நிறுவனங்கள் பல அப்படித்தான் போடுகின்றன. தொலைநிலையில் பி.டெக். தருகிறோம் என்று யாராவது வந்தால் தள்ளி நில்லுங்கள். முறையான ஒப்புதல் இல்லாமல் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் மீது 2017-இல் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியது. நல்ல வேலையில் இருந்தவர்களின் பட்டமும் கேள்விக்குறியானது.

ஐ.ஐ.டி. மெட்ராஸின் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பு தனி ரகம். 2020-இல் தொடங்கியது. ஜே.இ.இ. வேண்டாம். நான்கு வாரம் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வு எழுதித் தேறினால் போதும். பாடம் ஆன்லைனில், தேர்வு மட்டும் நேரடி மையத்தில். நடுவில் டிப்ளமோவோடு, அல்லது பி.எஸ்சி.யோடு விலகிக்கொள்ளும் வசதியும் உண்டு. குடும்ப வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது. முழுப் பட்டம் நான்காண்டு அளவுடையது. ஆனால் எளிது என்று நினைத்துச் சேராதீர்கள், வேலையோடு சேர்த்து இழுக்கும்போது மூச்சு முட்டும். ஏற்கெனவே ஓர் இளங்கலை வைத்திருப்பவர் இன்னொரு இளங்கலைக்கு இத்தனை வருடம் கொடுக்க வேண்டுமா என்றும் யோசியுங்கள். டேட்டா பக்கம் போவதில் உறுதியாக இருந்தால் டிப்ளமோ அளவுக்குப் படித்து நிறுத்துவது நல்ல சமரசம்.

## ஐந்தாவதாக ஒன்றைக் காட்டுவார்கள்

வேளச்சேரியிலும் காந்திபுரத்திலும் பயிற்சி நிலையப் பலகைகள் வரிசையாக இருக்கும். நேர்மையாகச் சொல்லிக்கொடுப்பவை அவற்றில் உண்டு. ‘வேலை உறுதி’ என்று சொல்லி மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கும் இடத்துக்குப் போகாதீர்கள். அதைவிட மோசம், இரண்டு வருடப் போலி அனுபவச் சான்றிதழ் தரும் கன்சல்டன்சி. மேலே சொன்ன அதே யு.ஏ.என். சரிபார்ப்பு இந்தப் பொய்யையும் காட்டிக்கொடுக்கும். சேர்ந்து ஆறு மாதம் கழித்து வெளியே அனுப்பப்பட்டால், அதற்கு முன் செய்த உண்மையான வேலையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

## யாருக்கு எது

எல்லாவற்றிலும் 60-க்கு மேல், வீட்டில் இரண்டு வருடம் தாங்க முடியும், டான்செட்டில் நல்ல இடம் கிடைக்கிறது என்றால் எம்.சி.ஏ. தயங்க வேண்டாம்.

மதிப்பெண் இருக்கிறது, வீட்டுக்குப் பணம் இப்போதே வேண்டும் என்றால் இரண்டாவது வழி.

பத்திலோ பன்னிரண்டிலோ மதிப்பெண் குறைவு, அல்லது தேர்ச்சி பெற்று இரண்டு வருடம் ஓடிவிட்டது என்றால் சின்ன கம்பெனி. சேர்ந்து ஒரு வருடம் கழித்து, வெளிநாட்டு ஆசை இருந்தால் தொலைநிலை எம்.சி.ஏ. அதற்கு முன் வேண்டாம், முதல் வருடம் வேலையைக் கற்றுக்கொள்ளவே சரியாக இருக்கும்.

தம்பி, தங்கை இன்னும் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தால் அவர்களுக்கு வேறு கதவும் இருக்கிறது. ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்தவர்களைக் கட்டணமில்லாமல் சேர்த்து, மாதம் 10,000 உதவித்தொகையோடு பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கிறார்கள். சென்னையை ஒட்டியும் தென்காசியிலும் நடக்கிறது. பட்டமே இல்லாமல் புரோகிராமர் ஆன பிள்ளைகள் அங்கே இருபது ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறார்கள். மற்ற கம்பெனிகள் ‘பி.இ. மட்டும்’ என்று போடும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்தப் பிள்ளைகள்தான்.

இதைப் படிப்பவர்களில் டீம் லீடாகவோ மேனேஜராகவோ இருப்பவர்களும் உண்டு. அடுத்த முறை உங்கள் டீமுக்கு ஆள் கேட்டு எச்.ஆருக்கு எழுதும்போது, பழைய விளம்பரத்தை அப்படியே காப்பி செய்யாமல் தகுதி வரியில் பி.சி.ஏ., பி.எஸ்சி. இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். ‘எல்லாவற்றிலும் 60’ என்பதை எடுத்துவிட்டு ஒரு மணி நேரக் கோடிங் தேர்வை வையுங்கள். எச்.ஆர். மறுத்தால், உங்களுக்குத் தெரிந்த ஒரு பி.சி.ஏ. பிள்ளையின் ரெஸ்யூமேயை ரெஃபரலில் போட்டு, உங்கள் பெயரிலேயே இன்டர்வியூ கேளுங்கள். அந்த ஒரு ரெஸ்யூமே எக்செல் ஃபில்டருக்குள் போகாமல் நேராக ஒரு மனிதரின் கைக்குப் போகும்.